எந்தச் சண்டை கேமுக்குத் திறமை அதிகம் வேண்டும்?

கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் மாதம் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேர்ட், எக்ஸெல் எல்லாம் அப்புறம். முதலில் கேம்ஸ். அதிலும் இரண்டு பேர் எதிரெதிரே நின்று அடித்துக்கொள்ளும் சண்டை கேம் ஒன்றாவது ஹார்ட் டிஸ்கில் ஏறியிருக்கும். பக்கத்தில் நின்று பார்க்கும் பெரியவர்கள் சொல்வதும் ஒன்றுதான்: "இதில் என்ன இருக்கிறது? கைக்கு வந்த கீயைத் தட்டுகிறான், அவ்வளவுதானே!"

அவ்வளவுதான் இல்லை. என்னைக் கேட்டால் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆடக்கூடிய கேம்களிலேயே ஆடுபவரின் திறமையை மிகக் கடுமையாகச் சோதிப்பவை சண்டை கேம்கள்தான். குழு கிடையாது, அதிர்ஷ்டச் சீட்டு கிடையாது, தோற்றால் பழி போட இன்னொருவர் கிடையாது. சரி, அவற்றுக்குள்ளேயே எதற்குத் திறமை அதிகம் வேண்டும்? ஸ்ட்ரீட் ஃபைட்டரா, டெக்கெனா, மார்டல் காம்பாட்டா? என் ஓட்டு இந்த மூன்றுக்கும் இல்லை. மூன்றே பட்டன் கொண்ட விர்ச்சுவா ஃபைட்டருக்குத்தான். நம் ஊரில் அதிகம் பேசப்படாத பெயர். ஏன் அதற்கு என்று சொல்வதற்கு முன், திறமை என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பார்த்துவிடலாம். சண்டையே அங்கேதான் இருக்கிறது.

டெக்கென் 3 ஆடியிருக்கிறீர்களா? 1997ல் ஆர்கேட் மெஷினிலும் 1998ல் பிளேஸ்டேஷனிலும் வந்த கேம். அதில் எடி கோர்டோ என்று ஒரு வீரன். பிரேசில் நாட்டு கபோய்ரா கலையில் சண்டை போடுபவன். இவனைத் தேர்வு செய்துகொண்டு உதைக்கும் பட்டன்கள் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றித் தட்டினால் போதும். ஆள் சுழன்று சுழன்று உதைப்பான். நேற்று ஆட வந்தவர், மாதக்கணக்காகப் பயிற்சி செய்தவரை வீழ்த்திவிடுவார். "பட்டனைத் தட்டினால் போதும்" என்ற பேச்சுக்கு இந்த எடி ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் அந்த வெற்றி எத்தனை நாளைக்கு? எடியின் உதைகளில் எது மேலே வருகிறது, எது காலுக்கு வருகிறது, எதைத் தடுத்த பிறகு அவன் தடுமாறி நிற்கிறான் என்பதை எதிரில் இருப்பவர் ஒருமுறை தெரிந்துகொண்டால் கதை முடிந்தது. அதன் பிறகு தட்டுபவருக்கு அடி மட்டும்தான் மிச்சம். தட்டுவதால் ஜெயிக்க முடிவது எதிராளிக்குத் தெரியாத வரைக்கும்தான்.

விரல் வேலை

புதிதாக ஆடுபவர்கள் திறமை என்று நினைப்பது விரல் வேகத்தைத்தான். அதில் நியாயமும் இருக்கிறது. இந்தக் கேம்கள் பெரும்பாலும் ஒரு விநாடிக்கு 60 படங்களைத் திரையில் காட்டும். ஒரு படத்தை ஒரு பிரேம் என்பார்கள். அதாவது ஒரு பிரேம் சுமார் 16.7 மில்லி செகண்ட். 2008ல் ஆர்கேடிலும் 2009ல் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கும் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4ல், ஓர் அடியை அடுத்த அடியோடு இணைக்க சில இடங்களில் சரியாக ஒரே ஒரு பிரேம்தான் அவகாசம். ஒரு பிரேம் முந்தினாலும் பிந்தினாலும் அடி இணையாது. டெக்கெனில் மிஷிமா குடும்பத்து வீரர்கள் போடும் 'எலக்ட்ரிக்' குத்தும் இப்படித்தான். முன்னால், கை எடுத்து, கீழே, கீழ்மூலை என்று அழுத்தி, அந்தக் கீழ்மூலை பதியும் அதே பிரேமில் குத்தும் பட்டனையும் அழுத்த வேண்டும். கொஞ்சம் தவறினால் சாதாரணக் குத்து வரும். அதைத் தடுத்தவர் உங்களைத் திருப்பி அடிப்பார்.

இப்படி அடியோடு அடியைக் கோர்ப்பதற்குப் பெயர் காம்போ. இது திட்டமிட்டு உருவானது இல்லை என்பது ஒரு வேடிக்கை. 1991ல் காப்காம் நிறுவனம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 தயாரித்துக்கொண்டிருந்தபோது, காரை அடித்து நொறுக்கும் போனஸ் பகுதியைச் சோதித்த நோரிடாகா ஃபுனமிசு என்ற தயாரிப்பாளர், சரியான நேரத்தில் அடித்தால் ஓர் அடியோடு இன்னொன்று சேர்ந்துகொள்வதைக் கவனித்தார். இது ஆடுபவர்களுக்குப் பிடிபடாத அளவு கஷ்டம் என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டார்கள். இன்று காம்போ இல்லாத சண்டை கேமைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்!

விரல் வேலைக்கு மட்டும் பரிசு கொடுப்பதென்றால் 2000ல் வந்த மார்வெல் வெர்சஸ் காப்காம் 2க்குத்தான் கொடுப்பேன். மொத்தம் 56 வீரர்கள். ஒவ்வொருவரும் மூன்று பேர் கொண்ட அணியாக ஆட வேண்டும். திரை முழுக்க வெடியும் வெளிச்சமும். நன்றாக ஆடுபவரின் விரல்களைப் பார்த்தால் தையல் மெஷின் ஊசி மாதிரி இருக்கும். ஆனாலும் இந்தக் கேமுக்கு முதல் இடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் மாட்டிக்கொண்டால் காம்போ நீண்டுகொண்டே போகும். அடி வாங்குபவர் கையை எடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். அந்த நேரத்தில் சண்டை நடக்கவில்லை, ஒருவர் மனப்பாடம் ஒப்பிக்கிறார், இன்னொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். 56 பேர் இருந்தும் பெரிய போட்டிகளில் மாக்னீட்டோ, ஸ்டார்ம், சென்டினல், கேபிள் என்று திரும்பத் திரும்ப ஒரு கைப்பிடி ஆட்களே வந்தார்கள் என்பது இன்னொரு குறை.

மார்டல் காம்பாட்? இதன் பெயரைச் சொல்லாவிட்டால் கடிதம் எழுதுவீர்கள். 1992ல் வந்ததிலிருந்து அதன் புகழுக்குக் காரணம் ரத்தமும், எதிராளியை முடித்துக்கட்டும் 'ஃபேட்டாலிட்டி'யும்தான். ஃபேட்டாலிட்டி போடுவதற்குத் திறமை வேண்டாம். கீ வரிசையைத் துண்டுச்சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிவைத்தால் போதும். எதிராளிதான் ஏற்கெனவே தோற்று, அசையாமல் நிற்கிறாரே! ஒழுங்காகச் சண்டை போடுவதற்கு அதிலும் விஷயம் உண்டு. ஆனால் அதற்காக அதை ஆடுபவர்கள் குறைவு என்பது என் கணிப்பு. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை இன்ஸ்டால் செய்யாமல் இருப்பதே நல்லது.

கண் பார்ப்பதற்கு முன்பே

விரலுக்கு அப்பாலும் ஒரு திறமை உண்டு என்பதை 2004ல் கலிஃபோர்னியாவில் நடந்த ஈவோ போட்டியில் பார்க்கலாம். ஈவோ என்பது அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடக்கும் மிகப் பெரிய சண்டை கேம் போட்டி. அன்றைய கேம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தர்ட் ஸ்ட்ரைக். ஜப்பானின் டைகோ உமேஹாரா கென் என்ற வீரனோடும், அமெரிக்காவின் ஜஸ்டின் வோங் சுன் லீ என்ற வீராங்கனையோடும் ஆடினார்கள். டைகோவின் உயிர்க்கோடு கிட்டத்தட்டக் காலி. இன்னும் ஓர் அடி பட்டால் தோல்வி. தடுத்தால் பிழைக்கலாமே என்கிறீர்களா? முடியாது. இந்தக் கேமில் சிறப்பு அடிகளைத் தடுத்தாலும் உயிர் கொஞ்சம் குறையும். அந்தக் கொஞ்சமும் அவரிடம் இல்லை.

ஜஸ்டின் வோங் தன் சூப்பர் அடியைப் போட்டார். வரிசையாக 15 உதைகள். தப்பிக்க ஒரே வழி 'பேரி' என்ற உத்தி. அடி வந்து விழும் கணத்தில் பின்னால் போகாமல், எதிராளியின் பக்கம் கீயைத் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் உயிர் குறையாது. தவறினால் அடி முழுதாக விழும். டைகோ 15 உதைகளையும் இப்படியே தட்டிவிட்டு, கடைசி உதையை எகிறிக் குதித்து வானத்திலேயே வாங்கி, திருப்பி அடித்து ஜெயித்தார். அரங்கத்தில் எழுந்த கூச்சலோடு இந்த வீடியோ இணையத்தில் இன்றும் இருக்கிறது. (அந்த ஆண்டு தர்ட் ஸ்ட்ரைக் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் இன்னொரு ஜப்பானியரான கென்ஜி ஒபாட்டாவிடம் தோற்றார். வீடியோவை மட்டும் பார்த்தவர்கள் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.)

எல்லோரும் வியப்பது 15 முறை தட்டிய விரலை. நான் வியப்பது முதல் தட்டலை. மனிதக் கண் ஒன்றைப் பார்த்து, மூளை உணர்ந்து, விரல் அசைய சுமார் கால் விநாடி ஆகும். அதாவது 12 முதல் 15 பிரேம். அந்த சூப்பர் அடியின் முதல் உதை அவ்வளவு நேரம் காத்திருக்காது. பார்த்த பிறகு தட்டலாம் என்று உட்கார்ந்திருந்தால் அடி விழுந்திருக்கும். "இவர் இப்போது இதைத்தான் போடப் போகிறார்" என்று டைகோ முன்கூட்டியே கணித்திருந்தார். மிச்சம் 14ம் தாளம். தாளத்தைப் பழகிக்கொள்ளலாம். ஆள் மனதைப் படிப்பதை வீட்டில் தனியாக உட்கார்ந்து பழக முடியாது.

அப்புறம் அறிவு. இதில் டெக்கெனை மிஞ்ச ஆளில்லை. 2024 ஜனவரியில் வந்த டெக்கென் 8 தொடங்கும்போதே 32 வீரர்கள். ஒவ்வொருவருக்கும் சுமார் 100 அடிகள் என்று வைத்தாலும் 3,000ஐத் தாண்டுகிறது. ஒவ்வொன்றும் மேலா, நடுவா, காலுக்கா, தடுத்த பின் திருப்பி அடிக்க எத்தனை பிரேம் கிடைக்கும் என்பது தலைக்குள் இருக்க வேண்டும். இத்தனையும் எங்கே போய்ப் படிப்பது? லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் சித்திக், கேம் உலகில் அர்ஸ்லான் ஆஷ், தன் ஊர் ஆர்கேட் கடைகளில் நேருக்கு நேர் ஆடியே கற்றார். 2019 பிப்ரவரியில் ஜப்பானின் ஃபுகுவோகாவில் நடந்த ஈவோ ஜப்பான் போட்டிக்கு வந்தபோது, பாகிஸ்தானுக்கு வெளியே அவரை அறிந்தவர்கள் கொஞ்சம். டெக்கென் 7 பட்டத்தோடு திரும்பினார். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் ஈவோவையும் வென்றார். அதன் பின் 2023லும் 2024லும் லாஸ் வேகாஸில் மறுபடி அவர்தான். கொரியாவும் ஜப்பானும்தான் டெக்கென் நாடுகள் என்ற எண்ணம் அந்த ஓர் ஆண்டில் உடைந்தது. கருவிகளின் விலையை வைத்துத் திறமையை அளப்பவர்களுக்கு நான் காட்டும் ஆள் இவர்.

மூன்று பட்டன், ஆயிரம் தலைவலி

இப்போது என் ஓட்டுக்கு வருகிறேன். விர்ச்சுவா ஃபைட்டரை 1993ல் ஸேகா நிறுவனத்தில் யு சுசுகியின் குழு உருவாக்கியது. 3டி உருவங்களோடு வந்த முதல் சண்டை கேம் இதுதான். பட்டன்கள் மூன்று: குத்து, உதை, தடுப்பு. கையிலிருந்து பறக்கும் நெருப்பு உருண்டை கிடையாது. தோற்கும் நிலையில் கைகொடுக்கும் சூப்பர் அடி கிடையாது. பார்ப்பதற்கு மந்தமாகத்தான் இருக்கும். நம் ஊரில் இது ஓடாததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

சிறுவயதில் கையை மூடிக்கொண்டு "ஒற்றையா இரட்டையா?" கேட்டிருப்பீர்கள். இந்தக் கேம் முழுவதும் அதுதான். நீங்கள் என் அடியைத் தடுத்து, நான் ஒரு கணம் தடுமாறி நிற்கிறேன் என்று வையுங்கள். இப்போது உங்கள் முறை. நான் நின்றபடி தடுத்தால் நீங்கள் என்னைப் பிடித்து எறியலாம். தடுப்பு எறிதலைத் தடுக்காது. எறிதலுக்குப் பயந்து குனிந்தால் நடு உயர அடி ஒன்று போட்டால் போதும். குனிந்தவருக்கு அது நேராக விழும். இரண்டும் வேண்டாம் என்று பக்கவாட்டில் விலகினால் குத்து தப்பும், ஆனால் எறிதல் பிடித்துக்கொள்ளும். எறிதலிலிருந்து விடுபடவும் வழி உண்டு. எந்தத் திசையில் எறியப் போகிறார் என்று ஊகித்து அந்தத் திசையோடு பட்டனை அழுத்த வேண்டும். ஊகம் தப்பினால் முதுகில் விழ வேண்டியதுதான். இதில் எதையும் பார்த்துவிட்டு முடிவு செய்ய நேரமில்லை. ஜப்பானியர்கள் இதை 'நிதாகு' என்கிறார்கள், இரண்டில் ஒன்று என்று அர்த்தம். ஒரு சுற்று அரை நிமிடம் ஓடினால் இப்படிப் பல முடிவுகள். அடிப்பவரும் முடிவெடுக்கிறார், அடி வாங்குபவரும் முடிவெடுக்கிறார். யாரும் தண்ணீர் குடிக்கப் போக முடியாது.

விரல் வேலையும் இதில் குறைவில்லை. பழைய பாகங்களில் அகிரா என்ற வீரனின் முழங்கால் இடிக்கு, தடுப்பையும் உதையையும் சேர்த்து அழுத்தி, தடுப்பை மட்டும் அடுத்த பிரேமிலேயே விட வேண்டும். இதைப் பழகவே வாரக்கணக்கில் ஆகும். ஆனால் அது தெரியாமலும் ஜெயிக்கலாம் என்பதுதான் இந்தக் கேமின் அழகு. மனதைப் படிக்கத் தெரியாமல் ஜெயிக்க முடியாது.

அப்படியானால் கேம்களின் விரல் வேலையைக் குறைத்தால் திறமை குறையுமா? பல ஆண்டுகளாக ஆடிவரும் ரசிகர்களிடையே இன்று இதுதான் பெரிய தகராறு. 2023 ஜூனில் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6ல் 'மாடர்ன்' என்று ஒரு கட்டுப்பாட்டு முறை இருக்கிறது. முன்பு கால்வட்டம் சுழற்றிப் போட வேண்டிய சிறப்பு அடி, ஒரே பட்டனில் வந்துவிடும். அதற்கு விலையாக, அப்படிப் போடும் அடியின் வலு 20 சதவீதம் குறையும், சில சாதாரண அடிகளும் கிடைக்காது. டெக்கென் 8லும் இதுபோல் ஒரு சுலப முறை வந்திருக்கிறது. "முப்பது வருஷம் நாங்கள் விரல் தேயப் பழகினோம், இவன் ஒரு பட்டனில் போடுகிறானே" என்று மூத்தவர்கள் கோபப்படுகிறார்கள்.

எனக்கு அந்தக் கோபத்தில் உடன்பாடில்லை. கால்வட்டம் சுழற்ற வராமல் முதல் வாரத்திலேயே சண்டை கேமை அன்இன்ஸ்டால் செய்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் தோற்றது எதிராளியிடம் இல்லை, கீபோர்டிடம். ஒற்றையா இரட்டையா என்ற நிஜமான ஆட்டத்தை அவர்கள் பார்க்கவே இல்லை. வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். ஒரு பட்டனில் அடி வந்தால் என்ன? எப்போது போடுவது என்பதை அந்தப் பட்டன் சொல்லித் தராது. ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ளலாம். கண்ணுக்குப் பட்டதும் பட்டென்று திருப்பி அடிக்கும் இடங்களில் ஒரு பட்டன்காரருக்குச் சாதகம் இருக்கிறது. கால்வட்டம் சுழற்ற ஆகும் சில பிரேம்கள் அவருக்கு மிச்சம். அந்த 20 சதவீத வெட்டு அதற்குச் சரியான ஈடு என்றே நினைக்கிறேன்.

புதியவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டரை எதிராளியாக வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஆடாதீர்கள். அதற்கு மனம் இல்லை, படிக்கவும் எதுவும் இல்லை. சில கேம்களில் நீங்கள் அழுத்தும் கீ திரையில் அடியாக மாறுவதற்கு முன்பே அதற்குத் தெரிந்துவிடும். அதை ஜெயிக்கப் பழகும் குறுக்கு வழிகள் மனிதரிடம் பலிக்காது. தம்பியோ தங்கையோ பக்கத்து வீட்டு நண்பரோ, ஒரு மனிதர் வேண்டும்.

இரண்டாவது, கீபோர்ட். ஒரே கீபோர்டில் இருவர் ஆடும்போது "நான் அழுத்தினேன், அடி வரவில்லை" என்று சண்டை வந்தால் இருவரையும் திட்டாதீர்கள். விலை குறைந்த கீபோர்டுகளில் கீகள் குறுக்கும் நெடுக்குமான கம்பிக் கட்டத்தில் இணைந்திருக்கும். சில மூன்று கீகளைச் சேர்த்து அழுத்தினால், எது அழுத்தப்பட்டது என்று அதற்கே குழப்பம் வந்து ஒன்றை விட்டுவிடும். நோட்பேடைத் திறந்து, இருவரும் பயன்படுத்தப்போகும் எழுத்துக் கீகளை ஒன்றாக அழுத்திப் பாருங்கள். ஏதாவது எழுத்து வரவில்லையென்றால் கேமின் செட்டிங்ஸில் வேறு கீகளுக்கு மாற்றுங்கள். அல்லது யூஎஸ்பியில் ஒரு கேம்பேடைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி கீபோர்டில் ஆடுவது ஒன்றும் மட்டம் இல்லை. பெரிய போட்டிகளிலேயே ஜாய்ஸ்டிக் இல்லாமல் வெறும் பட்டன்கள் மட்டும் கொண்ட கட்டுப்பாட்டுப் பெட்டிகளைப் பலர் வைத்து ஆடுகிறார்கள். அதுவும் ஒருவகைக் கீபோர்டுதான்.

விர்ச்சுவா ஃபைட்டர் 5 ரெவோ 2025 ஜனவரியில் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. தர்ட் ஸ்ட்ரைக் வேண்டுமானால் 2018ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 30ம் ஆண்டுத் தொகுப்பில், மொத்தம் 12 கேம்களில் ஒன்றாக இருக்கிறது. காசு போடுவதற்கு முன் சோதித்துப் பார்க்க விரும்புபவர்கள் 'ஃபுட்ஸீஸ்' என்ற சின்ன இலவச கேமை டவுன்லோட் செய்யலாம். இடது, வலது, அடி. அவ்வளவுதான் கீகள். பின்னால் அழுத்தினால் தடுப்பு, சிறப்பு அடி ஒன்று விழுந்தால் சுற்று முடிந்தது. மனதைப் படிப்பது என்று நான் சொன்னது என்ன என்பது பத்து சுற்றில் புரிந்துவிடும். ஆளுக்கு மூன்று கீதான் என்பதால் கீபோர்ட் தகராறும் இதில் குறைவு.